காதுக்குள் காற்றா, நீரா?

தெருக்குழாயடியில் வரிசையாக வைத்திருக்கும் குடங்களை விரலால் சுண்டிப் பார்த்திருக்கிறீர்களா? வெற்றுக் குடம் கணீரென்று ஒலிக்கும். நிறைகுடத்தைச் சுண்டினால் ஓசை மந்தமாகி உடனே அடங்கிவிடும். பித்தளைக் குடமானாலும் எவர்சில்வர் குடமானாலும், வாய்க்குத் தட்டுப் போட்டு மூடியிருந்தாலும் கவலையில்லை. உள்ளே இருப்பது காற்றா, நீரா என்று திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குழாய்க்கு அடியில் குடம் நிரம்பி வரும்போது எழும் ஓசையின் சுருதி நேரம் ஆக ஆக மேலே ஏறும். அதே குடத்தின் பக்கத்தைச் சுண்டிக்கொண்டே நிரப்பினால், சுண்டும் ஓசையின் சுருதி கீழே இறங்கும். முதலாவதில் அதிர்வது குடத்துக்குள் இருக்கும் காற்றுத் தம்பம். நீர் ஏற ஏற அது குட்டையாகிறது. இரண்டாவதில் அதிர்வது குடத்தின் சுவர். நீர் ஏற ஏற அந்தச் சுவர் தன்னோடு சேர்த்து அசைக்க வேண்டிய நிறை கூடுகிறது. இந்த இரண்டாவது செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழந்தைகளின் காதைச் சோதிக்கும் மருத்துவரும் இதே வினாவைத்தான் கேட்கிறார். செவிப்பறைக்குப் பின்னால் இருப்பது காற்றா, நீரா? காற்று இருக்க வேண்டிய இடம் அது. அங்கே நீர் கோத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டிலேயே தெரிந்துகொண்டேன்.

ஓர் ஐப்பசி இரவு

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. என் இளைய மகன் இரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டு, ஐப்பசி மழையில் அவனுக்குச் சளி பிடித்தது. மூன்றாம் நாள் இரவு காதைப் பொத்திக்கொண்டு அலறினான். காய்ச்சலும் இருந்தது. அவனுடைய ஆச்சி நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, இரண்டு சொட்டு விடுவதற்காகக் கரண்டியோடு வந்துவிட்டார்கள். சூடான எண்ணெயாயிற்றே என்ற பயத்தில் நான் தடுத்தேன். மறுநாள் காது மூக்குத் தொண்டை மருத்துவர் பார்த்து மருந்து கொடுத்தார். இரண்டே நாளில் வலியும் போயிற்று, காய்ச்சலும் போயிற்று. "ஒரு மாதம் கழித்து மறுபடி அழைத்து வரவும்" என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருந்தார். வலியே இல்லாத பிள்ளையை எதற்கு அழைத்துப் போவது என்று நாங்கள் போகவில்லை.

மார்கழியில் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பாசிரியை என்னை அழைத்தார். கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொல்வதெழுதுதலில் 'படம்' என்றால் 'தடம்' என்று எழுதுகிறான், வாயைத் திறந்து உரக்கப் பேசுவதும் இல்லை, கவனம் போதாது என்றார். வீட்டுக்கு வந்து நானும் அவனைக் கடிந்துகொண்டேன். கல்லூரியில் பதினைந்து ஆண்டுகளாக ஒலியியல் நடத்துகிறவன் நான் என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும். இரண்டு நாள் கழித்து அவனே ஒரு விளக்கம் சொன்னான்:

"எப்பா, நீங்க பேசுதது ஆத்துக்குள்ள முங்கிக்கிட்டுக் கேக்குத மாதிரி இருக்கு."

அன்று மாலையே மருத்துவரிடம் போனோம்.

முங்கிக் கேட்டால்

தாமிரபரணியில் குளித்துப் பழகியவர்களுக்கு அவன் சொன்னது உடனே விளங்கும். குறுக்குத்துறைப் படித்துறையில் தலையை நீருக்குள் முக்கிவிட்டால், கரையில் நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் ஏதோ முணுமுணுப்பாகத்தான் கேட்கும். ஆனால் பத்தடி தள்ளி ஒருவன் நீருக்குள்ளேயே இரண்டு கூழாங்கற்களைத் தட்டினால் 'டக் டக்' என்று காதருகில் தட்டியதுபோல் கேட்கும். ஆகவே நீர் ஒலியைக் கடத்தாத பொருள் அன்று. காற்றிலிருந்து நீருக்குள் நுழைவதுதான் ஒலிக்குக் கடினமாக இருக்கிறது. காற்று மெல்லியது, எளிதில் அமுங்குவது. நீர் அடர்ந்தது, அமுங்க மறுப்பது. காற்றில் வரும் ஒலி நீர்ப்பரப்பில் மோதினால் அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ளே போகிறது. மற்றதெல்லாம் திரும்பிவிடுகிறது. டெசிபெல் கணக்கில் இது 30 டெசிபெல் இழப்பு.

நம் காதுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. ஒலி வருவது காற்றில். அதை உணரும் நரம்புச் செல்கள் இருப்பதோ உட்செவியில், நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்புக்குள், நீர்மத்தில். இந்த இரண்டுக்கும் நடுவே தரகராக நிற்பதுதான் நடுச்செவி. ஏறத்தாழ 1 செ.மீ. விட்டமும் 0.1 மி.மீ. கனமும் உள்ள செவிப்பறை, அதன் பின்னால் காற்று நிறைந்த ஒரு சிற்றறை, அந்த அறைக்குள் சங்கிலியாகத் தொடுத்த சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று எலும்புகள் ஆகியவை சேர்ந்ததே நடுச்செவி. அங்கவடி எலும்பு 3 மி.மீ. நீளந்தான், நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அது.

செவிப்பறையில் அதிரும் பகுதியின் பரப்பு சுமார் 55 சதுர மி.மீ. அங்கவடியின் அடித்தட்டுப் பரப்பு சுமார் 3.2 சதுர மி.மீ. பெரிய பரப்பில் விழும் விசை சிறிய பரப்பில் குவிவதால் அழுத்தம் 17 மடங்கு கூடுகிறது. காலணி அழுந்தாத மணலில் குச்சி நுனி இறங்கிவிடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்புகள் நெம்புகோலாகவும் வேலை செய்து மேலும் 1.3 மடங்கு கூட்டுகின்றன. மொத்தம் 22 மடங்கு. டெசிபெல்லில் கிட்டத்தட்ட 27. நீர்ப்பரப்பில் இழக்கவிருந்த 30 டெசிபெல்லில் பெரும்பகுதியை இந்தச் சின்னஞ்சிறு கருவி மீட்டுக் கொடுத்துவிடுகிறது.

இதெல்லாம் அறைக்குள் காற்று இருக்கும்வரைதான். அங்கே நீர் கோத்தால் பறையும் எலும்புகளும் அசைய முடியாமல் போகின்றன. மீட்ட டெசிபெல்கள் மறுபடி கைவிட்டுப் போகின்றன. நடுச்செவியில் நீர் கோத்த குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் பொதுவாக 20 முதல் 30 டெசிபெல் வரை குறைகிறது. நீருக்குள் முங்கியதற்கு ஒப்பான அளவுதான் இது. என் மகன் உவமை சொல்லவில்லை, அளந்தே சொல்லியிருக்கிறான்.

25 டெசிபெல் குறைந்தால் குழந்தை செவிடாகிவிடுவதில்லை. அதுதான் சிக்கல். பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டால் சில நேரம் திரும்பும். உயிரொலிகள் ஓங்கி ஒலிப்பவை, அவை கேட்டுவிடும். ப், த், க் போன்ற மெய்யொலிகள் மிக மெலிந்தவை. அவை முதலில் மறைந்துபோகும். படம், தடம், கடம், வடம் எல்லாம் ஒரே மாதிரி 'அடம்' என்று காதில் விழும். பிள்ளை அடம்பிடிக்கிறான் என்று நாமும் சொல்லிவிடுகிறோம்!

அவன் மெதுவாகப் பேசியதற்கும் காரணம் இருந்தது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு காதை மட்டும் விரலால் அடைத்துக்கொண்டு வாயை மூடி 'ம்ம்' என்று முனகுங்கள். ஓசை அடைத்த காதிலேயே பலமாகக் கேட்கும். கபால எலும்பு வழியாக வரும் நம் சொந்தக் குரல், வெளி வழி அடைபட்ட காதில் பெரிதாகக் கேட்கிறது. ஆகவே நடுச்செவி அடைபட்ட குழந்தை, தான் போதிய அளவு உரக்கப் பேசுவதாகவே எண்ணிக்கொள்ளும். இசைக்கவையைக் கொண்டு மருத்துவர்கள் செய்யும் சோதனைகளும் இதே அடிப்படையில் அமைந்தவை. 1855இல் ஜெர்மானிய மருத்துவர் ரின்னே கூறிய முறை இன்றும் வழக்கில் உள்ளது. அதிரும் கவையின் காம்பைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் ஊன்றி, பிறகு கவையைக் காதின் வாசலுக்கு நேரே பிடிக்கிறார்கள். நலமான காதுக்குக் காற்று வழியேதான் நன்றாகக் கேட்கும். எலும்பு வழியே நன்றாகக் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், தடை வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ இருக்கிறது என்று கொள்ளலாம்.

நீர் எங்கிருந்து வந்தது?

ஆற்றில் குளித்த நீர் காதுக்குள் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். செவிப்பறை முழுதாக இருக்கும்வரை ஒரு சொட்டு ஆற்று நீர்கூட நடுச்செவிக்குள் போக முடியாது. எதிரி வருவது வேறு வாசல் வழியாக.

மணிமுத்தாறு அணையிலிருந்து மாஞ்சோலைக்கு மலைப்பாதையில் ஏறியவர்களுக்குக் காது அடைப்பது தெரிந்திருக்கும். எச்சிலை விழுங்கினால் 'பட்' என்று திறந்துகொள்ளும். ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகிறது. நடுச்செவி முற்றிலும் அடைத்த பெட்டியாக இருந்தால், உள்ளேயுள்ள காற்று செவிப்பறையை 60 கிராம் எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளும். கடுதாசி போன்ற ஒரு சவ்வின்மேல் ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தைத் தூக்கி வைப்பது போன்றது இது. அப்படி நேராமல் காப்பது, நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் ஒரு குழல். 16ஆம் நூற்றாண்டில் இதை விளக்கி எழுதிய இத்தாலிய உடற்கூற்று அறிஞர் யூஸ்டேஷியஸ் பெயரால் இது யூஸ்டேஷியன் குழல் எனப்படுகிறது. சாதாரணமாக மூடியிருக்கும், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் நொடிப்பொழுது திறந்து அழுத்தத்தைச் சரிசெய்யும்.

பெரியவர்களுக்கு இந்தக் குழல் ஏறத்தாழ 36 மி.மீ. நீளம், 45 பாகை சாய்வு. கைக்குழந்தைக்கு நீளம் அதில் பாதி. சாய்வு 10 பாகைதான், கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கும். ஏழு வயது வாக்கில்தான் பெரியவர்களுடையதை ஒத்த வடிவம் வருகிறது. காதுநோய் ஏன் குழந்தைகளையே தேடி வருகிறது என்பதற்கு முதற்காரணம் இந்த வடிவக்கணிதந்தான்.

சளி பிடித்ததும் குழலின் உட்சவ்வு வீங்கி வழி அடைகிறது. நடுச்செவிக்குள் மாட்டிக்கொண்ட காற்றை அங்குள்ள சவ்வின் இரத்தக் குழாய்கள் மெல்ல உறிஞ்சிக்கொள்கின்றன. புதுக் காற்று வரவில்லை, அழுத்தம் குறைகிறது, செவிப்பறை உள்வாங்குகிறது, சுற்றியுள்ள சவ்விலிருந்து நீர் கசிந்து அறையை நிரப்புகிறது. மூக்கின் பின்புறம் வாழும் நிமோகாக்கஸ் முதலிய பாக்டீரியாக்கள் குழல் வழியே ஏறி வந்து அந்த நீரில் பெருகினால் சீழ் பிடிக்கிறது. செவிப்பறை வெளியே புடைத்து, நள்ளிரவில் குழந்தை அலறுகிறது.

வலி தணிவதும் நீர் வற்றுவதும் வேறு வேறு என்பதை நான் கவனிக்கத் தவறினேன். கிருமிகள் அழிந்து வலி ஓரிரு நாளில் அடங்கிவிடும். நீர் அங்கேயே நிற்கும். கடுமையான நடுச்செவி அழற்சி வந்த குழந்தைகளில் இரண்டு வாரம் கழித்தும் நூற்றுக்கு 60 முதல் 70 பேருக்கு நீர் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து 40 பேருக்கு. மூன்று மாதம் கழித்தும் 10 முதல் 25 பேருக்கு. தொடக்கத்தில் பதநீர்போல் இருக்கும் அது, நாளாக ஆகக் கருப்பட்டிப் பாகுபோல் இறுகுவதும் உண்டு. வலியில்லை, காய்ச்சலில்லை, சீழ் வடிவதில்லை. "ஒரு மாதம் கழித்து வரவும்" என்ற அந்த ஒரு வரியின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பார்த்தால் மட்டும் போதுமா?

மருத்துவர் முதலில் விளக்கும் உருப்பெருக்கும் ஆடியும் பொருத்திய ஆட்டோஸ்கோப்பால் காதுக்குள் பார்க்கிறார். நலமான செவிப்பறை முத்துச் சாம்பல் நிறத்தில், ஒளி ஊடுருவும்படி இருக்கும். சிவந்து புடைத்திருந்தால் நோய் என்பது வெளிப்படை. ஆனால் குழந்தை வீறிட்டு அழுதாலே செவிப்பறை சிவந்துவிடும்! அமைதியாக நீர் நிற்கும் காதில் சிவப்பே இருக்காது. நிறத்தை மட்டும் நம்பினால் இரு பக்கமும் ஏமாறலாம்.

1864இல் ஜெர்மானிய மருத்துவர் சீகிள் ஓர் எளிய வழி கண்டார். கருவியைக் காற்றுப் புகாமல் காதில் பொருத்தி, ஒரு ரப்பர்க் குமிழை மெல்ல அமுக்கி விட்டார். பின்னால் காற்று இருந்தால் செவிப்பறை உள்ளே போய் வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். நீர் இருந்தால் அசையாது. குடத்தைச் சுண்டிப் பார்க்கும் வேலையேதான். செலவில்லாத இந்த முறை இன்றும் மதிப்புக் குறையாமல் இருக்கிறது; துள்ளுகிற குழந்தையிடம் செய்யக் கை பழகியிருக்க வேண்டும், அவ்வளவே.

கண்ணால் பார்ப்பதை எண்ணால் அளக்க வழி வகுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆட்டோ மெட்ஸ். அவர் 1946இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்ததுதான் டிம்பனோமீட்டர். அந்தச் சோதனையை நான் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். இயற்பியல் படித்தவனுக்கு அது ஒரு விருந்து.

காதின் வாசலை அடைக்கும் ஒரு மெத்தென்ற ரப்பர் முனை. அதற்குள் மூன்று சன்னமான வழிகள். ஒன்றின் வழியே 226 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு தாழ்ந்த ஒலி சீராகப் போகிறது. இன்னொன்றில் உள்ள மைக்ரோபோன், திரும்பி வரும் ஒலியை அளக்கிறது. மூன்றாவது வழியே ஒரு பம்பு காதுக் குழாயின் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. வெளியழுத்தத்தைவிட 200 டெக்காபாஸ்கல் அதிகத்தில் தொடங்கி, படிப்படியாக அதைவிடக் குறைவான அழுத்தத்துக்கு இறங்குகிறது. 1 டெக்காபாஸ்கல் என்பது ஏறத்தாழ 1 மி.மீ. உயர நீரின் அழுத்தம். ஆக 200 என்பது ஒரு சாண் உயர நீரைவிடச் சற்றுக் குறைவானது. குழந்தைக்கு வலிப்பதில்லை. சில வினாடிகளில் முடிந்துவிடும்.

அழுத்தம் கூடுதலாக இருக்கும்போது செவிப்பறை உள்ளே தள்ளப்பட்டு விறைத்து நிற்கிறது. அதில் மோதும் ஒலி பெரும்பாலும் திரும்பி வருகிறது. அழுத்தம் இறங்கி, பறையின் இரு பக்கமும் சமமாகும் கணத்தில் பறை தளர்ந்து, ஒலியை மிகுதியாக உள்ளே விடுகிறது. மைக்ரோபோனுக்குத் திரும்புவது குறைகிறது. மேலும் இறங்கினால் பறை வெளியே இழுபட்டு மறுபடி விறைக்கிறது. அழுத்தத்தை ஓர் அச்சிலும் பறையின் நெகிழ்ச்சியை மற்றோர் அச்சிலும் குறித்தால் நடுவில் ஒரு கூம்பு மலை எழும். மலையுச்சி எந்த அழுத்தத்தில் நிற்கிறதோ அதுவே நடுச்செவிக்குள் இருக்கும் அழுத்தம்! காதைத் துளைக்காமல், உள்ளே எதையும் விடாமல், மூடிய ஓர் அறையின் அழுத்தத்தை வெளியிலிருந்தே படித்துவிடுகிறோம். இதைவிட அழகான சமநிலைச் சோதனையை நான் என் ஆய்வுக்கூடத்தில் கண்டதில்லை.

அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஜெர்கர் 1970இல் இந்த வரைபடங்களை ஏ, பி, சி என்று வகைப்படுத்தினார். உச்சி பூச்சியத்தின் அருகே இருந்தால் ஏ, நலமான காது. உச்சி இடப்பக்கம் நகர்ந்து எதிர்மறை அழுத்தத்தில் நின்றால் சி. குழல் சரியாகத் திறக்கவில்லை. மலையே இல்லாமல் சமவெளியாகக் கிடந்தால் பி. அழுத்தத்தை எப்படி மாற்றினாலும் பறை அசையவில்லை என்றால் பின்னால் நீர் நிற்கிறது என்று பொருள். இங்கே ஒரு பொறி உண்டு. பறையில் ஓட்டை விழுந்திருந்தாலும் சமவெளிதான் வரும். அதற்காகக் கருவி, முனைக்கு முன்னால் உள்ள காற்றின் பருமனையும் அளந்து எழுதிவிடுகிறது. பருமன் சாதாரணமாக இருந்தால் நீர். மிக அதிகமாக இருந்தால், ஓட்டை வழியே நடுச்செவி அறையும் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவின் காதுக்குழாய் ரப்பர்போல் வளைவதால் 226 ஹெர்ட்ஸ் ஏமாற்றிவிடும். அவர்களுக்கு 1,000 ஹெர்ட்ஸ் பயன்படுத்துகிறார்கள்.

என் மகனின் வலக்காதில் மலை இருந்தது; உச்சி மட்டும் கழித்தல் 180இல். இடக்காதில் சமவெளி.

காகிதக் கூம்பு

டிம்பனோமீட்டர் விலை அதிகமான கருவி. எல்லா ஊர் மருத்துவமனையிலும் அதை எதிர்பார்க்க முடியாது. 2019இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முறை இதற்கு மாற்றாக அமையக்கூடும். ஒரு காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் கைப்பேசியின் ஒலிபெருக்கியும் மைக்கும் உள்ள ஓரத்தில் ஒட்டி, கூம்பின் நுனியைக் காதின் வாசலில் வைக்கிறார்கள். கைப்பேசி, குருவி கீச்சிடுவதுபோல் குறுகிய ஒலிகளை எழுப்புகிறது. போகும் அலையும் பறையில் பட்டுத் திரும்பும் அலையும் கலக்கின்றன. பாதையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக அமையும் அதிர்வெண்ணில் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனை செய்தவர்களுக்கு இது பழைய நண்பன். 2.5 செ.மீ. நீளமுள்ள ஒரு குழாய்க்குக் கணக்கிட்டுப் பாருங்கள். 3,400 ஹெர்ட்ஸ் வரும்.

பின்னால் காற்றுள்ள பறை ஒலியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால் பள்ளம் மேலோட்டமாக, அகன்று இருக்கும். நீர் நிற்கும் பறைக்கு நிறைகுடத்தின் சுவரைப்போலச் சுமை கூடிவிடுகிறது. அசைய மாட்டாமல் ஒலியை அப்படியே திருப்பி அனுப்புகிறது. பள்ளம் ஆழமாக, கூர்மையாக விழுகிறது. அந்த ஆய்வில், நீர் நின்ற காதுகளில் நூற்றுக்குச் சுமார் 85ஐ இம்முறை சரியாகக் கண்டுபிடித்தது. மீதி 15ஐத் தவறவிட்டது என்பதையும் சேர்த்தே படியுங்கள். மருத்துவரிடம் போகவேண்டுமா என்று முடிவு செய்ய இது உதவலாம். மருத்துவருக்குப் பதிலாக நிற்காது.

ஒழுகும் காது

நீர் நிற்கும் காதைவிடக் கேடானது ஒழுகும் காது. சீழின் அழுத்தத்தால் செவிப்பறையில் ஓட்டை விழுவதுண்டு. பெரும்பாலும் அது தானே மூடிக்கொள்ளும். மூடாமல் மாதக்கணக்கில் சீழ் வடிந்தால் அது நாட்பட்ட நோயாகிறது. எலும்புச் சங்கிலியை அரிக்கலாம். அரிதாக மூளைவரை பரவலாம். உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, இந்நோய் மிக அதிகமாக உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவையும் வைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கிராமப்புறக் குழந்தைகளிடையே நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், நூறு குழந்தைகளில் சுமார் 6 பேருக்கு இது இருந்தது. அறுபது பேர் கொண்ட வகுப்பில் மூன்று நான்கு பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆற்றுநீர் பற்றிய பேச்சு இங்கேதான் பொருத்தமாகிறது. பறையில் ஓட்டை உள்ள காதுக்குள் ஆற்று நீரும் குளத்து நீரும் நேரே நடுச்செவிக்குப் போகும். குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைக்கச் சொல்வார்கள். முங்கிக் குளிக்கக் கூடாது. எண்ணெயும் அதே வழியில் உள்ளே போகும். ஓட்டை இல்லாத காதிலோ பறைக்கு அப்பால் உள்ள நோயை அது எட்டாது. ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, "அப்பம் எங்க காலத்துல எப்பிடி நல்லாச்சு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நடுச்செவி அழற்சியில் வலி பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானே தணியும். புகழ் எண்ணெய்க்குப் போய்விடும்.

பாளையங்கோட்டையில் காதுகேளாதோருக்கான பழம்பெரும் பள்ளி ஒன்று உண்டு. ஃபிளாரன்ஸ் சுவைன்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. அப்படிப்பட்ட பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிறவியிலேயே உட்செவியில் குறை இருக்கும். நடுச்செவிக் குறை வேறு இனம். வந்த பிறகும் பெரும்பாலும் திருத்தக்கூடியது. கண்டுபிடிக்கப்பட வேண்டும், அவ்வளவே. 2007இல் தொடங்கிய தேசியக் காதுகேளாமைத் தடுப்புத் திட்டமும், 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுக்களும் இதற்காகவே காதையும் சோதிக்கின்றன. அவர்கள் வரும்போது காதில் சீழ் வடிவதை மறைத்துப் பஞ்சை எடுத்து எறிந்துவிட்டு நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசியும் 2021 முதல் நாடு முழுவதும் கைக்குழந்தைகளுக்கு அரசால் இலவசமாகப் போடப்படுகிறது.

மூன்று வரைபடங்கள்

நீர் நிற்கிறது என்று தெரிந்ததும் நான் பெரிய மருந்து எதையோ எதிர்பார்த்தேன். மருத்துவர் மருந்து எழுதவில்லை. நின்ற நீருக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. பெரும்பாலும் தானே வடியும். மூன்று மாதம் காத்திருந்து அளந்துகொண்டே வருவோம் என்றார். அதன் பிறகும் நீர் நின்று கேட்கும் திறன் குறைந்தே இருந்தால், செவிப்பறையில் சிறு துளையிட்டுக் குரோமெட் எனும் குட்டிக் குழலைப் பொருத்துவார்கள். யூஸ்டேஷியன் குழல் செய்யவேண்டிய காற்றோட்ட வேலையை அது சில மாதங்கள் பார்த்துக்கொள்ளும்.

அதுவரை செய்யவேண்டியவை என்று அவர் சொன்னவற்றில் மருந்துக்கடையில் வாங்கக்கூடியது எதுவுமில்லை. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரவேண்டும். அவன் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். அருகில் யாரும் புகை பிடிக்கக் கூடாது. நான் வகுப்பாசிரியையிடம் போய் வரைபடத்தைக் காட்டினேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் அவனை நிறையத் திட்டிட்டேனே சார்" என்றார். நானுந்தான் என்றேன்.

மாசியில் இரண்டாவது வரைபடம். வலக்காதின் உச்சி கழித்தல் 90க்கு வந்திருந்தது. இடக்காது பழைய சமவெளிதான். குரோமெட் பற்றி வீட்டில் பேச்செழுந்தது. பங்குனியில் மூன்றாவது. இடக்காதில் கோடு முதலில் தட்டையாகவே போயிற்று. கழித்தல் 160க்கு அருகில் இலேசாக மேலே எழும்பி மறுபடி இறங்கிற்று. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "எப்பா, மேடு வந்துட்டு" என்றான்.

நீர் முற்றிலும் போய்விடவில்லை, அழுத்தமும் சரியாகவில்லை, ஆனால் உள்ளே காற்று வந்துவிட்டது, குரோமெட் இப்போதைக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். சித்திரைக் கடைசியில் மறுபடி வரச்சொல்லித் தேதி எழுதினார். அவனுக்கு அதெல்லாம் பொருட்டாக இல்லை. பரீட்சை விடுமுறையில் ஆற்றில் முங்கிக் குளிக்கலாமா என்று கேட்டான். அவர் ஆட்டோஸ்கோப்பை எடுத்து இரண்டு காதையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு, பறையில் ஓட்டை இல்லை, குளிக்கலாம் என்றார்.